மூடி போட்ட புகைபோக்கிகள்

மணி மூன்று பத்து. பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தி ஓடும்; அதைக் கழித்துத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அடைத்துக் கிடந்த மூடுபனி அப்போதுதான் சற்று விலகியது. ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சரிவில் எங்கள் லயம் தெரிந்தது. ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு வீடுகள். ஆறு புகைபோக்கிகள்.

ஒன்றிலும் புகை இல்லை.

ஐந்து வீடுகளில் புகை இல்லாதது எனக்கு ஆச்சரியமில்லை. பெண்கள் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். கடைசி வீடு எங்களுடையது. மத்தியானம் வந்து மகளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அடுப்பில் கங்கைக் கூட்டிவைத்துவிட்டுத்தான் திரும்பியிருந்தேன். கங்கு என்றாலும் புகைபோக்கியின் வாயில் காற்று சூட்டில் நெளிவது தெரியும். அன்று நெளியவில்லை. உற்றுப் பார்த்தேன். புகைபோக்கிக்கு வாயே இல்லை. வாய் இருந்த இடத்தில் ஏதோ தட்டையாக, புதுத் தகரம்போல் பளபளத்தது.

உள்ளே என் மகள் படுத்திருந்தாள். ஒன்பது வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல்.

கையிலிருந்த சாக்பீஸைக் கீழே போட்டது நினைவிருக்கிறது. செருப்புப் போட்டேனா என்பது நினைவில்லை.

மைதாப் பசையும் பழைய பேப்பரும்

பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, ‘டீச்சரம்மாவுக்குக் கூரை, சுவர், அடுப்பு தவிர வேறு ஞாபகமே கிடையாதா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிடையாது, ஐயா. இந்த மலையில் பிள்ளை வளர்த்துப் பார்த்தால் உங்களுக்கும் இருக்காது.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்கள். வெயிலோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று எங்களுக்குத் தெரியும். குளிரோடு தெரியாது. கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் வருடம் பல் கிட்டிப்போய்ப் பேச்சே வராது. லயத்து வீடு என்றால் கருங்கல் சுவர், தகரக் கூரை, ஒரு முன்னறை, ஓர் அடுப்பறை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை நுழையும். எத்தனை விறகு வைத்தாலும் சூடு நேரே மேலே போய் ஆகாயத்தைக் காய்ச்சும். தோட்டத்தில் தரும் மாத விறகு பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் கவாத்துக் குச்சிதான். தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழுவது. பச்சையாக இருக்கும். எரியாது, புகையும். என் மகளுக்குக் கைக்குழந்தையிலேயே இழுப்பு. புகை பட்டால் நெஞ்சு விசிலடிக்கும்.

ஆகவே வருடா வருடம் புரட்டாசி பிறந்ததும் வீட்டை நான் ஒரு நோயாளியைப்போலச் சோதிப்பேன். கூரைத் தகரத்தில் ஆணி தளர்ந்த இடங்களில் தாரும் சணலும் வைத்து அடிக்கச் சொல்வேன். அடுப்பின் உட்புறத்தைச் செம்மண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசிக் குறுக்குவேன். வாய் குறுகினால் விறகு குறையும். அரிக்கேன் விளக்கின் திரியை நேராக வெட்டினால் கண்ணாடி கறுக்காது, மண்ணெண்ணெயும் இரண்டு நாள் கூட வரும். சுவர் இடுக்கில் சாக்கு. கடைசியாக ஜன்னல் சட்டங்களின் விரிசல்களில் மைதாப் பசை தடவி, பழைய பேப்பரைக் கீற்றுக் கீற்றாக ஒட்டுவேன். பசைச் சட்டியைப் பிடித்துக்கொள்வது மகளுடைய உத்தியோகம்.

“வீட்டைக் கவருக்குள்ள போட்டு ஒட்டுதியா? யாருக்கு அனுப்பப் போற?” என்பார் என் வீட்டுக்காரர்.

அனுப்பவில்லை. வைத்துக்கொண்டேன். மாத விறகு மாதம் முழுக்க வந்தது. மகளின் நெஞ்சு விசிலடிப்பது குறைந்தது. பக்கத்து வீட்டு ராஜம்மா வந்தால் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். “டீச்சரம்மா வீட்டுக்குள்ள வந்தா எங்க ஊரு சித்திரை மாசம் மாதிரில்லா இருக்கு” என்பாள்.

இவ்வளவும் நான் செய்யலாம். புகைபோக்கியை மட்டும் தொடக்கூடாது. அது தோட்டத்துச் சொத்து. மராமத்து ஆட்கள்தான் ஏறவேண்டும் என்பது சட்டம். வருடத்துக்கு ஒரு தடவை ஏறித் துடைக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். முதல் சட்டத்தை மாத்திரம் அவர்கள் மறக்கவில்லை.

இலைக்கு ஒரு நியாயம்

என் வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில், இலையை உலர்த்தும் சூளையடியில் வேலை. அந்தச் சூளைக்கும் ஒரு புகைபோக்கி உண்டு. அதை ஞாயிற்றுக்கிழமை தோறும் இறக்கித் துடைப்பார்கள். ஒரு ஞாயிறு தவறாது. கரி அடைத்தால் புகை திரும்பும். புகை திரும்பினால் இலையில் வாடை ஏறும். வாடை ஏறிய இலை கொச்சி ஏலத்தில் விலை போகாது.

அதைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த இலையைப் பறிக்கிறவள் வீட்டில் புகை திரும்பினால்? அவள் கொச்சிக்குப் போகிற சரக்கில்லை.

நான் கேட்காமல் இல்லை. மராமத்து மேஸ்திரியிடம் மூன்று மழைக்காலம் கேட்டிருக்கிறேன்.

“ஆகட்டும் டீச்சர். ஆள் வரட்டும்.”

“ஆள் எப்போ வரும்?”

“வேலை வரும்போது ஆள் வரும்.”

“இது வேலை இல்லையா, மேஸ்திரி?”

“சிம்னிக்குள்ள இருக்கிற கரி யாருக்குத் தெரியப்போகுது?” என்று சிரிப்பான். கெட்ட மனிதன் என்று சொல்லமாட்டேன். அவனுக்குத் தெரிந்த வரையில், கண்ணுக்குப் படாதது வேலையில் சேராது. அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மானேஜர் பங்களாவில் இருந்தார்கள்.

மூன்று சுவர் வெள்ளை

அந்தக் கார்த்திகையில் கம்பெனியின் பெரிய துரை தோட்டத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. இந்த மலை தமிழ்நாட்டோடு போகுமா கேரளத்தோடு போகுமா என்று டீக்கடைகளில் ஓயாத பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. எந்த ராஜ்யமானாலும் துரை வருகிறார் என்றால் சுண்ணாம்பு கலக்குவது மாறவில்லை.

மழை இரண்டு நாள் விட்டது. எங்கள் லயத்துக்கு வெள்ளை அடித்தார்கள். ரோட்டிலிருந்து தெரிகிற மூன்று பக்கங்களுக்கு மட்டும். பின்சுவர் பாசியோடு அப்படியே இருந்தது.

“நம்ம வீட்டுக்கு மூணு சுவர்தான்டி. நாலாவது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்” என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போது நானும் சிரித்தேன்.

வெள்ளை காய்ந்த மறுநாள் பனித்தூறல் ஆரம்பித்தது. வருடக்கணக்காகத் துடைக்காத புகைபோக்கிகளின் கரி, தூறலில் கரைந்து, புதுச் சுவரில் கறுப்புக் கறுப்பாக வடிந்தது. பார்க்கக் கண்றாவிதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்ன செய்யவேண்டும்? கரியைத் துடைக்கவேண்டும். அரைநாள் வேலை. ஒரு முள்ளுக்கட்டைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு இழுத்தால் தீர்ந்தது.

துரை வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், நான் பள்ளிக்குத் திரும்பிய பிறகு, அவர்கள் செய்த வேலை வேறு. மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி, ஆறு புகைபோக்கிகளுக்கும் மூடி போட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். மறுநாள் பத்து மணிக்குத் துரையின் கார் லயத்துக்குக் கீழே உள்ள ரோட்டு வளைவைத் தாண்டும் வரைக்கும் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது என்பது உத்தரவு.

அந்த உத்தரவைக் கூரைமேல் நின்று கூவினார்களாம். யாருக்கு? நான்கு வீட்டில் ஆளில்லை. ஐந்தாவதில் ராஜம்மா மட்டும் காலைச் சுளுக்கிக்கொண்டு இருந்தாள். ஆறாவது வீட்டில், கதவு ஜன்னல் எல்லாம் பத்திரமாக ஒட்டிய வீட்டில், ஒரு காய்ச்சல்காரக் குழந்தை.

“கங்குதானே?”

தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்காக இறங்கி ஓடினேன். குச்சிகள் சேலையைப் பிடித்து இழுத்தன, கிழித்துக்கொண்டு போனேன். ராஜம்மா காலில் துணிக்கட்டோடு தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன டீச்சரம்மா, இப்படி ஓடியாறீக?”

“பிள்ளை… சிம்னி…”

“பிள்ளை நல்லா உறங்குது. இப்பதான் சத்தம் குடுத்தேன், பதிலைக் காணோம். உறங்கட்டும்னு விட்டுட்டேன்.”

கதவைத் தள்ளினேன். புகை ஒரு பொட்டுக்கூட இல்லை. அதைத்தான் நான் இன்றுவரை யாருக்கும் விளக்க முடியவில்லை. உள்ளே எனக்கு மிகவும் பிடித்தமான அந்த வெதுவெதுப்பு முகத்தில் வந்து பட்டது. அடுப்பில் கங்கு அழகாகச் சிவந்திருந்தது. கட்டில் காலி.

தாழ்வான ஜன்னலடியில், தரையில் சாய்ந்து கிடந்தாள். முகம் ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலையில் ஒட்டியிருந்தது. அங்கே மட்டும் நான் ஒட்டிய பேப்பர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில், நன்றாகத் தின்று விளையாடி வந்த பிள்ளையின் கன்னம்போல் இருந்தன. தூக்கினேன். தலை என் கையில் நிற்காமல் சரிந்தது.

வெளியே, தூறலில், ஈரப்புல்லில் கிடத்தினேன். ராஜம்மா நொண்டிக்கொண்டே வந்து கால்களைத் தேய்த்தாள். நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை ஒரு தடவை உடம்பை உலுக்கிக்கொண்டு, மத்தியானக் கஞ்சி முழுவதையும் என் மடியில் வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, பேப்பரை நான்தான் கிழிச்சேன். கூரைமேல யாரோ நடந்தாங்க. யாருன்னு பாக்கத்தான் கிழிச்சேன். அடிக்காதேம்மா.”

திரும்பவும் கண் சொருகியது.

பள்ளியிலிருந்து பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகளில் யாரோ ஃபாக்டரிக்குச் செய்தி சொல்லியிருக்கவேண்டும். என் வீட்டுக்காரர் வந்தார். மகளைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார். பின்சுவர்ப் பக்கம் ஏறி, எங்களுடைய மூடியைக் காலால் உதைத்துக் கழற்றினார். மற்ற ஐந்தையும் விடவில்லை. தகரம் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்த சத்தத்தில்தான் மேஸ்திரி வந்து சேர்ந்தான்.

“என்ன வேலை செய்யுதீக? பங்களா உத்தரவுல்லா!”

“உன் உத்தரவை உன் தலைமேலே கவுத்துக்கோ. கீழே கிடக்கிறவளைப் பாருலே முதல்ல!”

மேஸ்திரி பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. “அடுப்பை அணைங்கன்னு கூவுனேனே. அதுவும், வீட்டுக்குள்ள புகையே காணோமே. கங்குதானே? கங்கு யாரை என்ன செய்யும்?”

“ஆளில்லாத வீட்டு மேலே நின்னு கூவினா யாருக்கு ஓய் கேக்கும்? அடுப்புக்கா?” என்றாள் ராஜம்மா. “உள்ள காய்ச்சல்ல பிள்ளை கிடக்குன்னு நான் கத்தினேனே, அது உமக்குக் கேட்டுதா?”

ஆனாலும் மேஸ்திரி கேட்ட கேள்வியை அந்த மலையில் யாரும் கேட்டிருப்பார்கள். வெயிலூரிலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் புகைக்குத்தான் பயந்தோம். கண் எரிந்தால், இருமினால்தான் ஆபத்து என்று நினைத்தோம். சிவந்த கங்கு எங்களுக்குச் சாமி மாதிரி. லயத்தில் கங்கைச் சாம்பலில் மூடிவைக்காத வீடு கிடையாது. மூச்சடைக்கிற காற்றுக்கு நிறமும் வாடையும் இருக்காது என்பதைக் கம்பெனிக்காரர்கள் படித்திருப்பார்கள். சூளையடியில் ஆள் தனியாக நிற்கக்கூடாது என்று ஃபாக்டரியில் போர்டு எழுதி வைத்தவர்கள்தானே?

ஆபீஸ் சொன்ன பதில்

ஆஸ்பத்திரி எட்டு மைல் கீழே. தோட்டத்தில் இருந்தது ஒரு ஜீப், ஒரு லாரி. என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு ஓடினார்.

நான் மகளை உறங்கவிடாமல் வைத்திருந்தேன். கன்னத்தில் தட்டினேன். கிள்ளினேன். அப்பா பெயர் என்ன, ஊர் பெயர் என்ன என்று கேட்டேன். நாக்குக் குழறிச் சொல்வாள், பாதியில் நின்றுவிடும். நிற்கிறபோதெல்லாம் என் மூச்சும் நின்றது. பெற்றவள் என்றால் எதற்கெடுத்தாலும் பயப்படுவாள் என்று சிரிக்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

அவர் தனியாகத் திரும்பி வந்தார்.

“வண்டி?”

“ஜீப் பங்களாவுக்குக் கோழியும் பூவும் வாங்கப் போயிருக்காம். லாரி சுண்ணாம்பு ஏத்தப் போயிருக்காம்.”

“ஹெட் கிளார்க் என்ன சொன்னார்?”

“ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, கம்பவுண்டரை வரச் சொல்லுதேன்னாரு.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “படிச்ச டீச்சர்தானே, ஜன்னலை இப்படியா அடைச்சு வைப்பாகன்னு கேட்டாரு.”

இதை அன்று அவர் ஒருவர்தான் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். உறவுக்காரர்கள், சக ஆசிரியர்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாள். ‘நீங்கள் அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்காவிட்டால்…’ என்று ஆரம்பிப்பார்கள். மற்ற ஐந்து வீடும் ஓட்டை வீடுகள், அங்கே குழந்தை இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கணக்குச் சொல்வார்கள்.

அவர்களுக்கு ஒரே பதில்தான். வீட்டுக்கு மூக்கு புகைபோக்கி. குளிருக்கு வாயை மூடிக்கொண்டு உறங்குகிறவளின் மூக்கை யாரோ வந்து அடைத்துவிட்டு, ‘நீ ஏன் வாயை மூடினாய்?’ என்று கேட்கிறீர்கள். விரிசலை அடைத்தது என் கடமை. விறகை மிச்சம் பிடித்தது என் கெட்டிக்காரத்தனம். பிள்ளையின் நெஞ்சைக் காப்பாற்றியது அந்தப் பேப்பர்தான். இந்த வருடமும் ஒட்டினேன். அடுத்த வருடமும் ஒட்டுவேன். மூடி போட்டவன் கையைப் பற்றிப் பேசுங்கள், பசை தடவிய கையைப் பற்றிப் பேசாதீர்கள்.

வந்து சேர்ந்தவர்

கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். ஈரக் கம்பளியோடு எங்களைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தன் உலர்ந்த சேலையைக் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றினாள். மற்றவர்கள் அவரவர் அடுப்பை மூட்டினார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு ஆறு புகைபோக்கிகளும் புகைந்தன. புதுவெள்ளையில் கரி மறுபடி வடிந்தது. அதைப் போல அழகான சுவரை நான் பார்த்ததில்லை.

மகள் இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது, “சுடுதண்ணி வேண்டாம், பச்சைத் தண்ணி” என்றாள். அந்தப் பிடிவாதம் என் மகளுடையது. எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

கடைசியில் கம்பவுண்டர் வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், வயதானவர். வண்டி எதுவும் கிடைக்காமல், அட்டைக் கடியோடு குறுக்குப் பாதையில் ஏறி நடந்தே வந்திருந்தார். குடையை மடக்காமலே குனிந்து பிள்ளையின் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். முதுகில் காதை வைத்துக் கேட்டார். என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். கீழே கிடந்த தகரங்களை அவர் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பேடிக்க வேண்டா டீச்சரே. பிள்ளை பிழைச்சுட்டு. ராத்திரி கதவு தெறந்து கிடக்கட்டும், நல்ல காத்து வரட்டும்.”

பையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார்.

“இது வேண்டா. ஆபீஸிலிருந்து போன்ல வெறும் காய்ச்சல்னாக்கும் சொன்னது. அதுக்கான மருந்துதான் என் கையில உண்டு.”

கிளம்பத் திரும்பியவர், என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

“பின்னே ஒரு காரியம். வர்ற வழியில ரெண்டு பேரு ஏணியும் புதுத் தகரமும் தூக்கிட்டு வர்றதைக் கண்டேன். எங்கேன்னு கேட்டேன். இந்த லயத்துக்குன்னாக்கும் சொன்னது.”